கல்நார் கூரையில் கை வைக்கும் முன்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். கீழ்த்தளம் முற்றம் வைத்த, தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம். 1979-இல் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு இரண்டு அறைகள் எடுத்தார்கள். வெப்பம் இறங்காமலிருக்க அவற்றின் உள்பக்கம் தட்டையான வெள்ளைப் பலகையால் சீலிங் அடித்திருக்கிறார்கள். மகனுக்காக வருகிற தை மாதத்துக்குள் இவற்றை இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட நினைக்கிறோம். பிரான்ஸில் இருக்கும் என் தம்பி, சோதனை செய்யாமல் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்காதே என்கிறான். மேஸ்திரியோ, முப்பது வருடமாக இதைத்தான் உடைத்துக்கொண்டிருக்கிறோம், ஒரே நாளில் தட்டி இறக்கிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? சோதனையை எப்படிச் செய்வது? நாற்பது வருடங்களுக்கும் மேலாக இதன் கீழே படுத்துறங்கிய எங்களுக்கு ஏதேனும் ஆகியிருக்குமா? இறக்கும் ஷீட்டுகளை உறவினர் ஒருவர் மாட்டுக் கொட்டகைக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் தம்பி சொல்வதைக் கேளுங்கள். அவர் மிகையாகப் பயமுறுத்தவில்லை. தாம் வாழும் நாட்டின் வழக்கத்தைச் சொல்கிறார். பிரான்ஸ் 1997 ஜனவரி 1 முதல் கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, தடை செய்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலை மாதத்துக்கு முன் கட்ட அனுமதி பெற்ற வீட்டை அங்கே விற்க வேண்டுமானால், கல்நார் இருக்கிறதா இல்லையா என்று ஆய்வு செய்த அறிக்கையை விற்பவர் இணைத்தே ஆக வேண்டும். நம் நாட்டில் வீட்டை விற்பதற்கோ இடிப்பதற்கோ அப்படியொரு கட்டாயம் இல்லை. இங்கே கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய உரிமம் தருவதை 1986-இலேயே நிறுத்திவிட்டார்கள் என்றாலும், கல்நாரின் ஒரு வகையான வெள்ளைக் கல்நாரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து கூரை ஷீட் தயாரிப்பது இன்றுவரை சட்டப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகையால், இன்ன ஆண்டுக்குப் பிறகு கட்டிய வீடு என்றால் பயமில்லை என்று வெளிநாட்டில் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. 1979-இல் போட்ட ஷீட்டிலும் கல்நார் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டு வண்டி நிறுத்தத்துக்குப் போட்ட ஷீட்டிலும் பெரும்பாலும் அது உண்டு.

மேஸ்திரியும் பொய் சொல்லவில்லை. அவர் உடைத்த ஷீட்டினால் யாரும் மறுநாள் இருமி விழுந்ததை அவர் பார்த்திருக்க மாட்டார். கல்நார் இழை நுரையீரலுக்குள் போனதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே இருபது, முப்பது, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் ஆகிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டதற்குக் காரணமும் இந்த நீண்ட இடைவெளிதான். இருபது வயதில் உங்கள் மாடியில் ஷீட்டைத் தட்டி உடைக்கும் இளைஞனுக்கு அறுபது வயதில் மூச்சுத் திணறினால், அதையும் இந்த நாளையும் இணைத்துப் பார்க்க எவரிடமும் எந்தச் சான்றும் இருக்காது. அதனால்தான் மேஸ்திரியின் முப்பது வருட அனுபவத்தை நான் மதித்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அதைச் சான்றாக ஏற்க மாட்டேன்.

கல்நார் என்ற சொல்லே பொருளை விளக்கிவிடுகிறது. பாறையிலிருந்து எடுக்கும் கனிமம்தான். ஆனால் அடித்தால் கல்லைப் போலத் தூளாகாமல், நாரைப் போல நெடுக்குவாட்டில் பிரிந்து, பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத இழையாகிவிடும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த இழை காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். உள்ளே இழுத்தால் நுரையீரலின் கடைசி நுனி வரை போகும். அங்கே தங்கிவிட்ட நீண்ட இழைகளை உடலால் எளிதில் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. வெள்ளை, பழுப்பு, நீலம் என எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வரிசையில் வைத்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமா, நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவை இதனால் வரும் முக்கிய நோய்கள். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பு இன்னும் பல மடங்காகிறது.

ஆனால் கூரை ஷீட்டில் கல்நார் தளர்வாக இல்லை. எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கலந்து, சிமெண்ட்டால் இறுக்கிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உடையாமல், துளைக்காமல், தேய்க்காமல் கிடக்கும் ஷீட்டிலிருந்து இழைகள் மிகக் குறைவாகவே வெளியாகின்றன. ஆகவே, நாற்பது ஆண்டுகளாக அதன் கீழே உறங்கியதை எண்ணி நீங்கள் தூக்கத்தை இழக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இத்தனை ஆண்டுகளில் நடந்ததைவிட, அலட்சியமாகச் செய்தால் இடிக்கும் அந்த ஒரே நாளில் காற்றில் கலக்கப்போகும் இழைகள் அதிகம் என்பதே நீங்கள் மனதில் வைக்க வேண்டிய செய்தி. நான் பொறியாளர், மருத்துவர் அல்லன். இருந்தாலும் பல வீடுகளில் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் ஒன்று சொல்கிறேன். கடந்த காலத்தில் எவ்வளவு இழையைச் சுவாசித்தோம் என்று சொல்லும் இரத்தச் சோதனை எதுவும் கிடையாது. அறிகுறி இல்லாதவர்கள் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை. குடும்பத்தில் யாரேனும் ஷீட் தொழிற்சாலையிலோ கப்பல் பட்டறையிலோ கொதிகலன் பிரிவிலோ ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருந்தாலும், நீண்ட நாள் இருமல், மூச்சிரைப்பு இருந்தாலும், ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் அந்த வேலை வரலாற்றைச் சொல்லிக் காட்டிக்கொள்வது நல்லது.

இப்போது சோதனைக்கு வருவோம். எல்லாவற்றையும் சோதிக்கக் கொடுத்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. 1979-இல் நம் ஊரில் போட்ட நெளி ஷீட் என்றால் அதில் கல்நார் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டே வேலையைத் திட்டமிடலாம். இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் எழுதித் தருவதால் நாம் செய்யப்போகும் எதுவும் மாறப்போவதில்லை. மழைநீர் இறங்கும் சாம்பல் நிறக் குழாயும், கழிவறையின் காற்றுப் போக்கிக் குழாயும் அந்தக் காலத்துச் சிமெண்ட் குழாய்களாக இருந்தால் அவற்றையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பீங்கான் ஃபியூஸ் கேரியர்களுக்குள் வெள்ளை நூல் பின்னல் தெரிந்தால், அதுவும் கல்நாராக இருக்கலாம்; பிரித்துப் பார்க்காமல் கேரியரோடு அப்படியே கழற்றச் சொல்லுங்கள். மெட்ராஸ் டெரஸின் செங்கல், சுண்ணாம்பு, தேக்குக் கட்டை, மேலே பதித்த தட்டோடு ஆகியவற்றிலும், தரையின் சிவப்பு ஆக்சைடு, மொசைக் ஆகியவற்றிலும் கல்நார் பற்றிய கவலை இல்லை. மொசைக்கை மெஷினால் அறுக்கும்போது வரும் சிலிக்காத் தூசு வேறொரு கெடுதி; அங்கும் தண்ணீர் விட்டே அறுக்க வேண்டும்.

கட்டாயம் சோதிக்க வேண்டியது அந்த வெள்ளைச் சீலிங் பலகையை. எனக்குக் கவலை தருவது கூரையைவிட அதுதான். அது ஜிப்சமாக இருக்கலாம், கரும்புச் சக்கையிலிருந்து செய்த மென்பலகையாக இருக்கலாம், கல்நார் சிமெண்ட் தட்டைப் பலகையாக இருக்கலாம். வெளிநாட்டில் வெப்பத் தடுப்புக்காகச் செய்த, கல்நார் அதிகம் கலந்த மென்மையான பலகையாகக்கூட இருக்கலாம். கடைசி வகை என்றால், கையால் ஒடித்தாலே கூரை ஷீட்டைவிடப் பல மடங்கு இழைகளை வெளியிடும். அதை மேஸ்திரியின் ஆட்களைக் கொண்டு எடுக்கவே கூடாது. வெள்ளையடித்துவிட்டால் இவை எல்லாம் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவரும், நான் உட்பட, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மாதிரி எடுப்பதற்கு முன்பாகவே ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏதோ ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் போதாது, ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற கூடமா என்று பார்ப்பதோடு, அந்த அங்கீகாரத்தின் வரம்புக்குள் கட்டடப் பொருள்களில் கல்நார்ப் பகுப்பாய்வு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கான்கிரீட் கட்டையின் வலிமையைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற கூடம் கல்நாரைக் கண்டறிய அங்கீகாரம் பெற்றதாக ஆகிவிடாது. இதற்கென்று அடிப்படையாகச் செய்யப்படும் முறை துருவ ஒளி நுண்ணோக்கிச் சோதனை. இழையின் வழியாக ஒளி செல்லும் விதத்தைக் கொண்டு அது கல்நாரா, எந்த வகைக் கல்நார் என்று அடையாளம் காண்கிறார்கள். ஐயம் எழுந்தால் மின்னணு நுண்ணோக்கியால் உறுதி செய்வார்கள். வெறும் இரசாயனப் பகுப்பாய்வு, அதாவது சிலிக்கா இவ்வளவு, மக்னீசியம் இவ்வளவு என்று தரும் அறிக்கை, நம் கேள்விக்கு விடையாகாது.

பழக்கப்பட்டவர் ஒருவர் வந்து மாதிரி எடுப்பதே சிறந்தது. கூடத்தினர் நீங்களே எடுத்து அனுப்பச் சொன்னால், அவசரப்படாமல் இப்படிச் செய்யுங்கள். அறையில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களை மூடி, அந்த இடத்துக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, வீட்டாரை எல்லாம் கீழே அனுப்பிவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் சில சொட்டுகள் கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து, பலகை ஊறும் வரை காத்திருங்கள். துளைபோடும் மெஷினையோ இரம்பத்தையோ தொடாமல், ஏற்கெனவே விரிசல் விட்ட ஓரத்திலிருந்து குறடால் கட்டைவிரல் நகமளவு துண்டை, பலகையின் முழுக் கனமும் வரும்படி எடுங்கள். மேலே பூசிய வெள்ளையை மட்டும் சுரண்டி அனுப்பினால் சோதனை வீண். துண்டை ஈரத்தோடு ஜிப் பையில் இட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதுங்கள். எடுத்த இடத்தில் பெயிண்ட் தடவியோ டேப் ஒட்டியோ அடைத்து, கீழே சிந்தியதை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் விரிப்பையும் தனிப் பையில் கட்டி வைத்துவிடுங்கள். இரண்டு அறைகளிலும் ஒரே பலகைதானா என்று நமக்குத் தெரியாததால், அறைக்கு ஒன்றாவது எடுக்க வேண்டும். நிறமோ கனமோ மாறும் இடத்தில் இன்னொன்று. ஒரு மாதிரியில் இல்லை என்று வந்ததை வைத்து முழு மாடிக்கும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இந்த வேலைக்கு முகத்தில் கட்டும் கைக்குட்டையோ மருத்துவமனை முகக்கவசமோ பயன்படாது. பி-100 அல்லது பி-3 என்று குறிக்கப்பட்ட வடிகட்டி உள்ள அரைமுகக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டிப் பொருந்தாது.

இனி ஷீட்டை இறக்கும் வேலை. மேஸ்திரியிடம் பேச வேண்டிய முதல் செய்தி, தட்டி இறக்குவதற்கும் கழற்றி இறக்குவதற்கும் உள்ள வேறுபாடு. சம்மட்டியால் அடித்துத் துண்டாக்கி முற்றத்தில் கொட்டுவதுதான் வழக்கம். உங்கள் வீட்டின் அமைப்பில் அதைவிடக் கெடுதலானது வேறில்லை. மாடியில் எழும் தூசு எல்லாம் நேராக முற்றத்தில் இறங்கி, அங்கிருந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் போகும். எனவே வேலைக்கு முந்தின நாளே முற்றத்தின் வாயைத் தார்ப்பாயால் முழுதுமாக மூடி, கிணற்றையும் தொட்டியையும் மூடி, கீழே இருப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், அன்றைக்கு வேறு வீட்டுக்குப் போய்விட வேண்டும். உங்கள் ஊரில் முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும்பிவிடும். விடியற்காலையில் தொடங்கிப் பதினோரு மணிக்குள் அன்றைய வேலையை முடித்துவிடும்படி நாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் வேலையை மூன்று காலைகளாக ஆக்குவதற்கு மேஸ்திரி கூடுதல் கூலி கேட்டால், அது நியாயமான கூலி.

ஷீட்டின் இரு பக்கமும் சோப்புத் தண்ணீரைத் தோட்டத்துத் தெளிப்பானால் மென்மையாகத் தெளித்து நனைக்க வேண்டும். குழாயைத் திறந்து பீய்ச்சி அடிப்பது, கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்ப்பது இரண்டும் கூடாது. கடற்கரை ஊரின் மேல்ஷீட்டில் உப்புக் காற்றும் மழையும் சிமெண்ட்டை அரித்து இழைகளை வெளியே நிறுத்தியிருக்கும். அவற்றைத்தான் அந்தப் பிரஷ் வாரி எடுக்கும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி வடிவ ஜே-போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் திருகினால் வராது. அவற்றை போல்ட் கட்டரால் வெட்ட வேண்டுமே தவிர, சுத்தியலால் அடித்து ஷீட்டை விட்டு உருவக் கூடாது. பத்தடி ஷீட் ஒன்று ஏறத்தாழ நாற்பது கிலோ எடை இருக்கும். அதை இழுக்காமல், ஒன்றன்மேல் ஒன்று உரசாமல், இரண்டு பேராகத் தூக்கிக் கயிற்றில் இறக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து உண்டு. அதற்கு நாற்பது ஆண்டுகள் தேவையில்லை. பழைய ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் அது முன்னறிவிப்பின்றி உடையும். நனைத்த ஷீட் வழுக்கவும் செய்யும். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் மேல் அகலமான பலகைகளைப் போட்டு, அவற்றின் மேல்தான் ஆட்கள் நடக்க வேண்டும். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இருக்க வேண்டும். இதை மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு மேஸ்திரியைப் பாருங்கள்.

பெருக்கி அள்ளும் வேலையைச் சித்தாள் பெண்களிடம் விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். உண்மையில் மிகுந்த தூசு எழுவது அந்தத் துடைப்பத்தினால்தான். உலர்ந்த துடைப்பம் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து எடுக்கட்டும். வீட்டில் உள்ள சாதாரண வேக்குவம் கிளீனர் இழைகளை மறுபக்கம் வழியாகக் காற்றிலேயே கலந்துவிடும். அன்றைக்கு உடுத்திய உடையோடு யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். கல்நார்த் தொழிலாளர்களின் உடையைத் துவைத்ததினாலேயே அவர்களுடைய மனைவியருக்கு மீசோதீலியோமா வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேலை செய்யும் எல்லோருக்கும் ஒருமுறை அணிந்து எறியும் மேலங்கியையும் கவசத்தையும் நீங்களே வாங்கிக் கொடுத்து, குளித்துவிட்டுப் போக இடமும் கொடுங்கள். வீட்டைப் புதுப்பிக்கும் செலவில் இது பெரிய தொகையல்ல.

மாட்டுக் கொட்டகைக்கு ஷீட்டுகளைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், மறுபடி துளை போடுவார்கள், அளவுக்கு வெட்டுவார்கள், அடுத்த புயலில் அது உடையும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரை கடந்த பிறகு கடலூர்ப் பக்கம் வீடுகளைப் பார்வையிடப் போனபோது, காற்றில் பறந்து நொறுங்கிய ஷீட் துண்டுகளைத் தோட்டத்துப் பள்ளங்களில் போட்டு மண் மூடியிருந்ததைப் பல இடங்களில் கண்டேன். பிறகு அந்த மண்ணைக் கிளறியவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. உறவினரிடம் உள்ளபடியே காரணத்தைச் சொல்லுங்கள். அவருடைய பிள்ளைகளும் அந்தக் கொட்டகையில்தானே விளையாடும்.

இறக்கிய ஷீட்டுகளை முழுதாகவே கனமான பாலிதீனில் சுற்றி, டேப் ஒட்டி, ‘கல்நார் - உடைக்காதீர்கள்’ என்று தமிழில் பெரிதாக எழுதி, பின்கட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் அடுக்குங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் கல்நார்க் கழிவு பட்டியலிடப்பட்டிருக்கிறது; ஆனால் அது தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. வீட்டுக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதற்கு அதில் நேரான வழி இல்லாததால், ஷீட்டுகளின் எண்ணிக்கையையும் சதுர அடியையும் குறித்துப் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் நகராட்சிக்கும் வேலை தொடங்கும் முன்பே கடிதம் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். கடலூர் வாசகர்கள் இதே கடிதத்தைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். பதில் வரத் தாமதமானால், சுற்றி வைத்த ஷீட் கெட்டுப்போகாது, காத்திருக்கலாம். இடிபாட்டு வண்டிக்காரரிடம் கொடுத்து, எங்கோ ஏரிக்கரையில் கொட்டவிடுவது மட்டும் வேண்டாம்.

தை மாதத்துக்குள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தேதியை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று ஓடினால் சோதனைதான் முதலில் கைவிடப்படும். மழை நாள்களை ஆய்வுக்கும் கடிதங்களுக்கும் வைத்துக்கொண்டு, தை பிறந்தபின் காற்றில்லாத காலைகளில் ஷீட்டை இறக்குங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர்கள் மேலே கான்கிரீட் தளத்தைத் தாங்குமா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய கேள்வி. சீலிங் பலகையின் ஆய்வறிக்கை வந்ததும், அதன் நகலோடு மாடி அறைகளின் நீள அகலத்தையும் கீழ்ச்சுவர்களின் கனத்தையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன். அதுவரை அந்த இரண்டு அறைகளையும் பூட்டி வையுங்கள். பலகை எங்காவது உடைந்து தொங்கினால், அந்த அறையில் மின்விசிறியைப் போட வேண்டாம்.